லாபம், ரெண்டு, மூணு

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் பட்டறைக்குள் நுழைந்தபோது, சரோஜம் சேச்சி பாக்கிங் மேசையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மேசையில் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சேச்சியின் இடம் ஜன்னலோரம், கம்பி சுற்றும் மேசை. அங்கே அன்று வெறும் நாற்காலிதான் இருந்தது. அதன் முதுகில் அவருடைய ஈரிழைத் துண்டு மட்டும் தொங்கியது.

"வா பகவதியே. இன்னு முதல் நான் பசைக்காரியாக்கும்," என்று சிரித்தார்.

லேபிள் கோணலாக இருந்தது. ஒரு மயிரிழை விலகாமல் கம்பி சுற்றுகிற கை. அதை ஏன் அப்படி ஒட்டியது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எதற்குமே வாய் வராது. பட்டறையில் இருந்த அத்தனை வருடங்களில் நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் பயணத்துக்குக்கூடக் காணாது. "பகவதி வாய் திறந்தா கோயில்ல மணியடிக்கணும்" என்பது சேச்சியின் வழக்கமான கேலி.

அன்று நான் வாய் திறந்தேன். அதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

பங்கு போடும் பெட்டி

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையாள மண்ணுக்கு வந்த நான், கரமனையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடையில் வேலை பார்த்தார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் கம்பி சுற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முதலாளியும் எஞ்சினியரும் ஒருவரேதான். ஜோர்ஜ் சார். நாற்பது வயது இருக்கும். நேர்முகத்தில் அவர் கேட்ட எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. வியர்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிக்கலாகிப்போன கம்பிச் சுருள் ஒன்றை என் முன்னால் வைத்தார். சிக்கெடுத்துக் கொடுத்தேன். ஒரு இடத்திலும் கம்பி மடங்கவில்லை. "திங்கட்கிழமை வரூ" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகம்.

அங்கே நாங்கள் செய்தது ரேஷியோ டிரான்ஸ்ஃபார்மர். எங்களுக்குள் 'பங்குப்பெட்டி' என்போம். முகப்பில் மூன்று டயல்கள். ஏசி கரண்டை ஒரு பக்கம் கொடுத்தால், அதில் பாதியோ, பத்தில் ஒன்றோ, ஆயிரத்தில் முந்நூற்று இருபத்தேழோ, டயலில் எதை வைத்தோமோ அந்தப் பங்கை மறுபக்கம் கொடுக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நானும் முதலில் நினைத்தேன். பங்கு பத்து லட்சத்தில் ஒன்று பிசகினால்கூட ஜோர்ஜ் சார் முகம் வாடிவிடும் என்று தெரிந்தபோதுதான் பெட்டியை மரியாதையாகத் தூக்க ஆரம்பித்தேன். மற்ற மீட்டர்கள் சரியா என்று சோதிக்கும் ஆய்வகங்களுக்குப் போகிற பெட்டி அது. அது பொய் சொன்னால் அதை நம்பியிருக்கும் எல்லா மீட்டரும் பொய் சொல்லும்.

இத்தனை துல்லியம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். கம்பி கொஞ்சம் தடித்தாலும் பரவாயில்லை. வெயில் நாளில் சூடேறினாலும் பரவாயில்லை. இரும்பு வளையத்தின் துளை வழியாகக் கம்பி எத்தனை தடவை போய் வந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. கம்பி துளைக்குள் போயிருக்கும், அல்லது போயிருக்காது. முக்கால் தடவை போனது என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

எண்ணத் தெரிந்தால் போதும் என்ற இந்த ஒரு விஷயத்தினால்தான், பத்தாம் வகுப்புக்காரி நானும் அந்தப் பெட்டிக்குள் ஒரு ஓரமாக இருக்கிறேன்.

பத்து இழைக் கயிறு

சரோஜம் சேச்சி நெய்யாற்றின்கரைக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பேச்சில் மலையாளமும் தமிழும் எது எங்கே முடிகிறது என்று தெரியாது.

ஒரு கம்பியை ஆயிரம் தடவை சுற்றி நூறு நூறாகப் பிரித்தால் பத்துப் பங்கு வரும். ஆனால் ஒரு பங்கு வளையத்தின் இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் என்று இருந்தால் அவை இம்மி வித்தியாசப்படும். அதனால் பத்துக் கம்பிகளை ஒரே கயிறாக முறுக்கி, அந்தக் கயிற்றை நூறு தடவை சுற்றுவோம். பிறகு ஒவ்வொரு இழையின் கடைசியையும் அடுத்த இழையின் தொடக்கத்தோடு இணைப்போம். பத்து இழையும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வந்ததால், பத்துக்கும் ஒரே பங்கு.

கயிறு முறுக்குவது சேச்சியின் கலை. பத்துக் கம்பிகளின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டுவார். மறுநுனியைக் கையால் சுழற்றும் துளைபோடும் கருவியில் மாட்டி, நடைபாதையின் அந்தக் கோடியில் போய் நின்று மெதுவாகச் சுழற்றுவார். கண்ணை மூடிக்கொள்வார். கம்பியிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் வரும். அது ஏறி ஏறி ஒரு இடத்துக்கு வந்ததும், "மதி, போதும்" என்று நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஒரு முறுக்கு விழுந்தால் கம்பிமேல் பூசிய எனாமல் வெடிக்கும் என்பார். எத்தனை முறுக்கு என்று ஜோர்ஜ் சார் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். எல்லாக் கயிற்றிலும் அநேகமாக ஒரே எண்ணிக்கை. சார் அதைத் தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கை லேபிளைக் கோணலாக ஒட்டியது.

காதுக்குக் கேட்காத விடை

சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.

சமமாக இருக்க வேண்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே ஹெட்ஃபோன் மாட்டுவார் ஜோர்ஜ் சார். வளையத்துக்குக் கொடுக்கும் கரண்டு விசில் மாதிரி ஒலிக்கும் வகை. இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் என்றால் காதில் ஒன்றும் கேட்காது. கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் தூரத்தில் ஒரு குயில் கூவுவதுபோல் கேட்கும். எண்ணை அளக்க மீட்டர் தனியாக உண்டு. ஆனால் சார் முதலில் காதைத்தான் நம்புவார்.

எதுவும் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தோதான ஒரு கருவியைப் பார்த்த மாதிரி இருந்தது.

பத்து சேர்ந்தும் ஒன்று ஆகவில்லை

அந்த வாரம் ஒரு பெரிய வளையம் வந்திருந்தது. வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கான பெட்டி. அவர்களுடைய அதிகாரி சனிக்கிழமை நேரில் வந்து சோதித்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. அதுமாதிரி வளையம் எங்களிடம் அது ஒன்றுதான். இன்னொன்று வர மாதக்கணக்கில் ஆகும்.

சின்ன வளையங்களை நாங்கள் தனித்தனியாகச் சுற்றி, தனித்தனியாக எண்ணுவோம். இது பெரியது என்பதால் இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் கயிற்றைத் துளைக்குள் விட, மற்றவர் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

முதல் டயலுக்கு நூறு சுற்று. அதன்மேல் டேப் ஒட்டி, இரண்டாம் டயலுக்குப் பத்துச் சுற்று. அதன்மேல் மூன்றாம் டயலுக்கு ஒரே ஒரு சுற்று. எல்லாமே பத்து இழைக் கயிறுதான்.

திங்கட்கிழமை முதல் சுருளை முடித்தோம். பத்துப் பங்கும் அச்சில் வார்த்ததுபோல் சமமாக இருந்தன. ஜோர்ஜ் சார் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "சரோஜம், இது ஒரு ஒண்ணாந்தரம் வேலையாணு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். சேச்சி அன்று எல்லாருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார்.

வியாழக்கிழமை மாலை மூன்று சுருளும் முடிந்தபின் கடைசிச் சோதனை. இரண்டாம் டயலின் பத்துப் பங்கும் சேர்ந்தால் முதல் டயலின் ஒரு பங்குக்குச் சமமாக வேண்டும். பத்துச் சுற்று கொண்ட பத்து இழை, மொத்தம் நூறு. முதல் டயலின் ஒரு இழை, அதுவும் நூறு. சின்னக் கணக்கு.

சார் ஹெட்ஃபோனை வைத்தார். அவர் முகம் மாறியது. ஹெட்ஃபோன் காதில் இருந்தும் கூவல் வெளியே எனக்கே கேட்டது.

பத்து வோல்ட் கொடுத்து மீட்டரில் பார்த்தார். முதல் டயலின் ஒரு பங்கு ஒரு வோல்ட், சரியாக. இரண்டாம் டயலின் பத்தும் சேர்ந்து அதற்கு ஏறக்குறையப் பத்து மில்லிவோல்ட் குறைவு. ஒரு தாளில் கணக்குப் போட்டு நிமிர்ந்தார்.

"முதல் சுருளில ஒரு சுற்று கூடுதல். நூறில்ல, நூற்றியொண்ணு."

"அன்னிக்கு சரியாயிருந்நல்லோ சாரே," என்றார் சேச்சி.

"பத்து இழையும் சேர்ந்நல்லே போச்சு. பத்திலயும் நூற்றியொண்ணு. அதுக்குள்ள பங்கு சமம்தான். வேற சுருளோட சேர்க்கும்போதுதான் வெளியில வருது."

தப்பு செய்தும் பங்கில் தப்பவில்லை அந்தக் கயிறு. அந்த நேரத்திலும் எனக்கு அதன்மேல் ஒரு மதிப்பு வந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

சார் வேலைத்தாளை எடுத்துப் பார்த்தார். 'நூறு' என்பதன் பக்கத்தில் சேச்சியின் கையெழுத்து இருந்தது. அவர்தான் மூத்தவர் என்பதால் கையெழுத்து எப்போதும் அவருடையது. சார் கோபப்படுகிறவர் இல்லை. தாளை மேசையில் திரும்ப வைத்தார்.

"நாளை நான் தனியா இருந்து எல்லாம் அவிழ்த்து பார்க்கறேன். சரோஜம் கொஞ்ச நாள் பாக்கிங் பார்க்கட்டே. கண்ணு ஒண்ணு டாக்டர்கிட்ட காமிக்கணும்."

சேச்சி தலையாட்டினார். பஸ் நிறுத்தம் வரை நடக்கும்போது, "வயசாவுதுடீ. எண்ணிக்கை தெற்றித் தொடங்கினா பின்ன இந்தக் கை எதுக்கு" என்றார். அவருக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அரிசி அளந்தபோது

மறுநாள் காலை அடுக்களையில் சோற்றுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு டம்ளர். முதல் டம்ளரைப் பானையில் கொட்டினேன்.

"லாபம்."

இரண்டாவதைக் கொட்டினேன்.

"ரெண்டு."

கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் நெல்லோ அரிசியோ அளக்கும்போது ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் அளவை 'லாபம்' என்பார்கள். அடுத்தது ரெண்டு, மூணு என்று போகும். என் அப்பா அறுவடைக் காலத்தில் களத்தில் நெல் அளந்தவர். அவர் மரக்காலைச் சாய்க்கும்போது இழுத்துச் சொல்லும் அந்த 'லாஆபம்' கேட்டே வளர்ந்தேன். அரிசி என்றில்லை, எதை எண்ணினாலும் எனக்கு லாபம்தான் ஒன்று. கம்பிச் சுற்றும்.

திங்கட்கிழமை நடந்தது நினைவுக்கு வந்தது. கயிற்றை முதல் தடவை துளைக்குள் விட்டது நான். "லாபம்" என்றேன். சேச்சி கயிற்றை இழுத்துக்கொண்டே, "ஆ, லாபம் வரட்டே" என்றார்.

அந்த நேரம் பார்த்து பட்டறை முன்னறையில் எனக்குப் போன் வந்தது. என் வீட்டுக்காரர். கியாஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டார். மஞ்சள் டப்பாவுக்குள், அதற்குள் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் டப்பாவுக்குள் என்று விளக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் சேச்சி தனியாகவே முக்கி முனகிச் சில சுற்றுகள் போட்டிருந்தார். "ஏழு" என்று என் கையில் கயிற்றைக் கொடுத்தார். நான் "எட்டு" என்று தொடர்ந்தேன்.

லாபம் வரட்டே. சேச்சி அதை எண்ணாகவா கேட்டிருப்பார்? வேலை தொடங்குமுன் சாமி பெயர் சொல்வதுபோல் நான் ஏதோ சொன்னேன் என்றல்லவா நினைத்திருப்பார். அடுத்த சுற்றிலிருந்து 'ஒந்நு' என்று தொடங்கியிருப்பார். அவர் சொன்ன ஏழு உண்மையில் எட்டு.

அன்று சோறு குழைந்துவிட்டது.

வளையலும் நூலும்

கரமனையிலிருந்து தொழிற்பேட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே, சொல்ல வேண்டிய வாக்கியத்தை நூறு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இறங்கியதும் மறந்துவிட்டது. உள்ளே போனால் சேச்சி லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜோர்ஜ் சார் வளையத்தை மேசைமேல் வைத்து, மேல் டேப்பை அறுக்கக் கையில் பிளேடு எடுத்திருந்தார். முதல் சுருளை அடைய வேண்டுமானால் மேலே இருக்கும் இரண்டு சுருளையும் பிரிக்க வேண்டும். பிரித்த கம்பியில் எனாமல் கீறிவிடும், திரும்பச் சுற்ற முடியாது. புதிய கயிறு முறுக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் நடக்கிற காரியம் இல்லை. முறுக்க வேண்டியவரோ பசையும் கையுமாக இருக்கிறார்.

"சார், அறுக்கண்டா," என்றேன்.

மூன்றடி தூரத்தில் நின்ற அவருக்கே கேட்கவில்லை. சேச்சிக்குக் கேட்டது. லேபிள் அந்தரத்தில் நின்றது.

"சார், அறுக்க வேண்டாம். சேச்சி எண்ணினது தப்பில்ல. நான் எண்ணினதும் தப்பில்ல. ஆனா ஒண்ணு கூடிப்போச்சு."

அதற்கு மேல் கோர்வையாக வரவில்லை. அரிசி, அப்பா, சிலிண்டர், லாபம் என்று எல்லாம் கலந்து கொட்டினேன். சார் புரியாமல் பார்த்தார். புரிந்தது சேச்சிக்குத்தான்.

"எந்தா சொன்னே? உனக்கு லாபம்னா ஒந்நா?"

"ஆமா சேச்சி."

"எடீ பாவி. நான் அதை பிரார்த்தனைன்னு நினைச்சு வச்சிருக்கேன். இத்தனை வருஷமா லாபம் லாபம்னு சொல்றாளே, இவளுக்கு எந்தொரு பக்தின்னு."

ஜோர்ஜ் சார் பிளேடைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சரி. ஆள் கிடைச்சாச்சு. சுற்று இன்னும் உள்ளதான இருக்கு," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவிழ்க்காம எப்படி?"

அதையும் பஸ்ஸில் யோசித்திருந்தேன். சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த வளையலைக் கழற்றினேன். பாக்கிங் நூலில் ஒரு துண்டு எடுத்து வளையலைச் சுற்றி மூன்று தடவை விட்டேன். நூலின் மீதி நுனியைப் பிடித்து, வந்த வழியே எதிர்ப்பக்கமாக ஒரு தடவை வளையலுக்குள் விட்டேன். மெதுவாக இழுத்தேன். கடைசிச் சுற்று தானாகத் தளர்ந்து கழன்றது. வளையலில் இரண்டு சுற்றுதான் மிச்சம்.

சார் வளையலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் சுருளின் பத்து நுனிகளும் இன்னும் ஒரு முழ நீளம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. சோதனைக்காகக் கிளிப் போட்டு இணைத்திருந்தோமே தவிர, வெட்டிப் பற்றவைக்கவில்லை. துளையின் நடுவில் பென்சில் நுழையும் அளவு இடமும் இருந்தது.

"மேல வழியாவே திரும்பப் போனா மதி. உள்ள இருக்கறது அங்கயே இருக்கட்டே. கணக்கில கழிஞ்சிடும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "இது எனக்கு நேத்தே தோணியிருக்கணும். பிளேடு கையில கிடைச்சா புத்தி அறுக்கத்தான் போகும்," என்றார்.

ஒரு எஞ்சினியர், தம்மிடம் வேலை பார்க்கிறவள் முன்னால் அப்படிச் சொல்வதை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் இல்லை. பெட்டியின் துல்லியத்துக்கு இந்த மனசும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

"சரோஜம், கை கழுவிட்டு வரூ," என்றார்.

சேச்சி பசையைக் கழுவி, துண்டில் விரல் விரலாகத் துடைத்து, ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். பத்து நுனிகளையும் கிளிப்பிலிருந்து கழற்றி ஒன்றாகச் சேர்த்து, பழைய முறுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கம் விரலாலேயே முறுக்கினார். நான் வளையத்தைத் தூக்கிப் பிடித்தேன். கயிறு எதிர்த்திசையில் துளைக்குள் இறங்கியது. சேச்சி அடியிலிருந்து அதை வாங்கி இழுத்தார்.

இழுத்துவிட்டு, என்னைப் பார்த்து, களத்தில் நெல் அளக்கிறவர்போல் உரக்கச் சொன்னார்:

"நஷ்டம்."

மறுபடி கிளிப்புகளைப் போட்டோம். சார் கரண்டைக் கொடுத்தார். ஹெட்ஃபோனை எடுத்துத் தன் காதுக்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்தி, அதைச் சேச்சியிடம் நீட்டினார்.

சேச்சி அதை மாட்டிக்கொண்டு, கயிறு முறுக்கும்போது மூடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். நானும் சாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டு, அதுவும் நின்றது.

காதை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் பேசும் அந்தப் பெரிய குரலில், பட்டறை முழுக்கக் கேட்கும்படி சேச்சி சொன்னார்:

"ஒண்ணும் கேக்கல்ல, கேட்டோ."